அறையும் வராந்தாவும்: கச்சேரி பற்றிச் சில கேள்விகள்

பனமலை ஏரிக்கரைக் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில் ஓர் ஓவியம் இருக்கிறது. பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் வெளியுலகத்துக்குச் சொன்ன ஓவியம். துணைச் சன்னதி ஒன்றின் உட்சுவரில், தலைக்கு மேல் குடையும் மகுடமுமாக, ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கிற உமை. சிவன் ஆடுகிறான், அவள் பார்க்கிறாள் என்பது காட்சி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் பார்த்தவள் இருக்கிறாள். ஆடினவன் அடுத்த சுவரில் அநேகமாக அழிந்து, கோடும் கறையுமாக மிஞ்சியிருக்கிறான். அந்த ஆட்டத்துக்கு மத்தளம் அடித்தவன் யார் என்ற கேள்வியை அந்தச் சுவரிடம் கேட்கவே வழியில்லை.

மழையும் வௌவாலும் செய்த வேலையை அரசியலாக்குகிறாயே என்று நண்பர்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் கலைவரலாறு என்ற பெயரில் நம் கைக்கு வந்து சேருகிற பிரதிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. புரவலர் தெளிவாக இருப்பார், ரசிகர் குடையோடு இருப்பார், நிகழ்த்தியவர் மங்கலாக இருப்பார், கருவி செய்தவர் சுவரிலேயே இருக்கமாட்டார். இசையைப் பற்றி நமது சூழலில் நடக்கிற பேச்சுகளை இந்தக் கோணத்திலிருந்து கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. சபாக்களை விட்டு வெளியே வந்து குப்பத்திலும் தெருவிலும் பேருந்திலும் பள்ளிக்கூடத்திலும் சின்னச் சின்னக் கச்சேரிகள் நடத்துகிற சமூகக் கலைக் குழுக்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக இயங்கி வருகின்றன. விழுப்புரம், திண்டிவனம் பக்கமும் 'நாமும் ஒண்ணு பண்ணலாமே' என்று யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பண்ணலாம். பண்ணுவதற்கு முன் அறை என்றால் என்ன, அதன் கதவு யார் கையில் இருக்கிறது என்று பேசிவிடுவது நல்லது.

மேற்கில் 'சேம்பர் மியூசிக்' என்று ஒன்று உண்டு. அறை இசை என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர், நான்கு பேர் உட்கார்ந்து வாசிப்பது. ஆளுக்கொரு தனி வரி, நடத்துனர் கிடையாது, மூச்சையும் கண் ஜாடையையும் வைத்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அடோர்னோ 1962இல் வெளியான தனது இசைச் சமூகவியல் நூலில் இதற்கென்று ஒரு இயல் ஒதுக்கியிருக்கிறார். அறை இசை முதலில் வாசிக்கிறவர்களை நோக்கியே எழுதப்பட்டது, கேட்பவர்கள் இரண்டாம்பட்சம் என்பது அவர் வாதத்தின் சாரம். போட்டி இருக்கிறது, ஆனால் யாரும் யாரையும் வீழ்த்துவதில்லை. முதலாளியச் சந்தைக்குள் இப்படி ஒரு சின்ன இடம் எப்படிச் சாத்தியமாயிற்று என்று அவர் வியக்கிறார்.

அடோர்னோவின் வியப்பில் ஒரு விடுபடல் இருக்கிறது. அந்த அறைக்கு ஒரு முன்னறை இருந்தது. நால்வர் இசையின் தந்தை என்று சொல்லப்படுகிற ஹைடன், எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது 1761 மே 1 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறதே, அதைப் படிக்க வேண்டும். சீருடையில் வரவேண்டும், வெள்ளைக் காலுறை போட வேண்டும். தினமும் மதியத்துக்கு முன்னும் பின்னும் முன்னறையில் வந்து நின்று இன்றைக்கு இசை வேணுமா என்று உத்தரவு கேட்டுக்கொள்ள வேண்டும். எழுதுவதெல்லாம் பிரபுவுக்குச் சொந்தம்; வேறு யாருக்கும் படி எடுத்துக் கொடுக்கக் கூடாது. 1779இல் போட்ட புது ஒப்பந்தத்தில்தான் இந்தக் கடைசி விதி இல்லாமல் போனது. உள்ளறையில் நான்கு பேர் சமமாக உரையாடுகிறார்கள். முன்னறையில் அவர்களில் ஒருவர் கைகட்டி நிற்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் அறை இசை என்று சொல்ல வேண்டும்.

பிரபுவின் இடத்துக்குப் பின்னால் டிக்கெட் வந்தது. லண்டனில் ஜான் பானிஸ்டர் என்ற வயலின்காரர் 1672லேயே தன் வீட்டில் காசு வாங்கிக்கொண்டு கச்சேரி நடத்தினார். இருநூறு வருஷம் கழித்து அதே லண்டனில், 1878இல், மக்கள் கச்சேரிச் சங்கம் என்ற ஒன்று தொடங்கி ஏழைகள் வசிக்கும் பகுதிகளில் மலிவுக் கச்சேரிகளை நடத்தியது. அந்த முயற்சியிலிருந்து 1887இல் முளைத்த சவுத் பிளேஸ் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகள் 1929க்குப் பிறகு கான்வே ஹாலில் இன்றும் தொடர்கின்றன. மதம் சாராத நன்னெறிச் சங்கம் ஒன்றின் கூரையின் கீழே ஹைடனும் பீத்தோவனும். தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கேட்கலாம். இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் 'நல்ல இசை' எது என்பதை யார் தீர்மானித்தார்கள்? கிழக்கு லண்டன் தொழிலாளியின் மதுக்கடைப் பாட்டு மேற்கு லண்டனின் வரவேற்பறைக்கு அதே மரியாதையோடு போயிற்றா? ஒருவழிப் பாதையாகத்தான் இருந்தது. சமூகக் கலை என்ற சொல்லாடலின் பிறவிக் குணம் இது. மேலேயிருந்து கீழே ஊற்றுகிற குணம்.

*

நம்மிடம் வருவோம். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் 'தாலுக்கா கச்சேரிக்குப் போய்ட்டு வரேன்' என்று சொல்லக் கேட்கலாம். வருவாய்த்துறை அலுவலகம்தான் அவர்களுக்குக் கச்சேரி. இந்துஸ்தானி வழியாக வந்த சொல். வெள்ளைக்கார அதிகாரிகளும் அதையே தங்கள் நாக்குக்கு ஏற்றபடி உச்சரித்துக்கொண்டார்கள். அதிகாரி உட்கார்ந்திருக்கிற இடம் என்ற பொருளில் புழங்கிய அதே சொல்தான் பாடகர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கும் வந்தது. சொற்பொருள் ஆராய்ச்சியை வைத்து சாதியை நிரூபித்துவிட முடியாது என்பது தெரியும். ஆனால் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றவர்களுக்கு அந்தச் சொல் என்ன உணர்வைக் கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். உள்ளே கூப்பிட்டால்தான் போக முடியும். கூப்பிட்டாலும் உட்காரச் சொல்லமாட்டார்கள்.

கர்நாடகக் கச்சேரி அடிப்படையில் அறை இசைதான். குரல், வயலின், மிருதங்கம், தம்புரா, வேண்டுமானால் ஒரு கஞ்சிரா அல்லது கடம். அரண்மனைக் கூடத்திலும் கல்யாண வீட்டிலும் பெரிய மனிதர் வீட்டு முற்றத்திலும் நடந்தது. 1927 சென்னைக் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது, மைக் வந்தது, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பெயரால் சொல்லப்படுகிற கச்சேரிப் பத்ததி நிலைபெற்றது. ஐரோப்பிய நால்வரிசையோடு இதை ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே நால்வரும் சமம் என்ற பாவனைகூடக் கிடையாது. நடுவில் இருப்பவர் வித்வான்; மற்றவர்கள் 'பக்கவாத்தியம்'. விளம்பரத்தில் எழுத்தின் அளவு, மேடையில் உட்காரும் இடம், சன்மானம் எல்லாவற்றிலும் அந்தப் 'பக்கம்' இருக்கிறது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பி குடிக்க எழுந்து போகிற ரசிகர் கூட்டம் பற்றி மிருதங்க வித்வான்கள் புலம்பாத வருஷம் இல்லை.

மிருதங்கத்துக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். பசு, ஆடு, எருமை என்று மூன்று தோல் வேண்டும் அதற்கு. பதம் பார்த்துத் தோல் எடுக்க வேண்டும், மூட்டு செய்ய வேண்டும், வார் பிடிக்க வேண்டும். வலந்தலையில் கருப்புச் சாதம் ஏற்றி, சுருதிக்கு வருகிறதா என்று காதால் பார்க்க வேண்டும். இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதம் என்று சிலாகிக்கப்படுவதில் தஞ்சாவூர் பர்லாந்து என்கிற பெர்னாண்டஸின் கைக்குப் பாதிப் பங்கு உண்டு. அந்த வாத்தியத்தின் ஓசை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்த காதுகளில் ஒன்று அவருடையது. அந்தக் காது கச்சேரி அறையின் முன்வரிசையில் உட்கார்ந்ததா? டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. பசுத்தோல் மேடையில் முழங்கலாம், பசுத்தோல் என்ற சொல் மேடையில் ஒலிக்கக் கூடாது. புனிதம் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்குக் கிடைக்காது. ஆசியன் இதழியல் கல்லூரியில் பிப்ரவரி 2 அன்று விழா நடந்தது. ராஜ்மோகன் காந்தியும் திருமாவளவனும் கலந்துகொண்டார்கள்.

தமிழிசை இயக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 1943இல் தமிழ் இசைச் சங்கமாக உருவெடுத்த அந்த இயக்கம் தெலுங்குக் கீர்த்தனையின் மேலாண்மையை உடைக்க முயன்றது, அகாடமிக்காரர்களைப் பதறவைத்தது. அதன் நியாயம் நமது நியாயம்தான். ஆனால் அது பாட்டின் மொழியை மாற்றியது, அறையின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டது. துக்கடாவாகக் கடைசியில் கிடந்த தமிழ்ப் பாட்டு நடுவுக்கு வந்தது. வாசலில் நின்றவர் வாசலிலேயே நின்றார். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்டு சிலப்பதிகாரத்து இசையை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். பறையின் கணக்கை எடுத்துக் காட்ட இயக்கத்தில் யாரும் முன்வரவில்லை. தமிழ் வேண்டும், தோல் வேண்டாம்.

நாதஸ்வரக்காரர்கள் கதை இந்த இடைவெளியில் நிற்கிறது. பெரிய மேளம் திறந்தவெளிக்கான இசை. சாமி முன்னாலும் மாப்பிள்ளை முன்னாலும் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டியது. செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலம் ஒன்றில் நாதஸ்வரக்காரர் தோளில் துண்டு போட்டிருந்தது பிரச்சினையாகி, பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே வந்து துண்டை எடுக்காதே என்று சண்டை போட்டது சுயமரியாதை இயக்கத்தின் வரலாற்றில் இருக்கிறது. ஹைடனின் வெள்ளைக் காலுறையும் இந்தத் துண்டும் ஒரே கேள்விதான். இசைக்கிற உடல் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யார்? டி.என். ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன், வாய்ப்பாட்டுக்காரருக்குக் கொடுக்கிற மரியாதை எனக்கும் வேணும் என்று அடம்பிடித்ததை அவருடைய முன்கோபம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அது முன்கோபம் இல்லை.

*

இந்தப் பின்னணியில்தான் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைப் பார்க்க வேண்டும். 2015 தொடக்கத்தில் சென்னை பெசன்ட் நகருக்கு ஒட்டினாற்போல இருக்கிற மீனவர் குப்பத்தில், எல்லையம்மன் கோயில் முன்னால், கர்நாடகக் கச்சேரியும் பறையாட்டமும் கூத்தும் பரதமும் ஒரே மேடையில் நடந்தன. டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன், குப்பத்து மக்கள், தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தினார்கள். டிக்கெட் கிடையாது. மாநகரப் பேருந்துக்குள் உட்கார்ந்து பாடினார்கள். பின்னால் 2018இல் அது சென்னைக் கலைத் தெரு விழா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்தக் குப்பத்தின் பெயரே ஒரு வரலாறு. ஆல்காட் என்பவர் பிரம்மஞான சபையை நிறுவிய கர்னல். 1894இல் பஞ்சமர் குழந்தைகளுக்காகச் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கியவர். 1898இல் அயோத்திதாசர் கொழும்பு போய்ப் பௌத்தம் தழுவத் துணை நின்றவர். அதே பிரம்மஞான சபையின் நிழலில், அதே அடையாறில், 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. தேவதாசிகளின் சதிர் அங்கே குளிப்பாட்டப்பட்டுப் பரதநாட்டியம் ஆயிற்று. ஒரே வேரிலிருந்து ஒரு பக்கம் சேரிப் பள்ளிக்கூடம், இன்னொரு பக்கம் தூய்மையாக்கப்பட்ட உன்னதக் கலை. குப்பத்தில் கச்சேரி நடந்தபோது இந்த இரண்டு கிளைகளும் எண்பது வருஷம் கழித்து முட்டிக்கொண்டன என்று நான் வாசிக்கிறேன். விழாவைப் பற்றி எழுதினவர்கள் பெரும்பாலும் கடற்கரைக் காற்றையும் மீன் வாசனையையும் எழுதினார்கள்.

விழா சாதித்தது என்ன? பறை, கர்நாடகம் இரண்டும் ஒரே மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறபோது 'சாஸ்திரியம்', 'நாட்டுப்புறம்' என்று நாம் போட்டுவைத்த தட்டு ஆடத்தான் செய்யும். குழந்தைகள் ஓடுகிற, நாய் குறுக்கே போகிற, பக்கத்தில் வலை காய்கிற இடத்தில் ஆலாபனை செய்கிறவருக்குத் தன் கலையின் நிபந்தனைகள் எவை என்று உறைக்கும். அமைதி, குளிர்ச்சி, தலையாட்டுகிற முதல் வரிசை எல்லாம் இசையின் பகுதி அல்ல, வர்க்கத்தின் ஏற்பாடு என்று தெரியும். பாடகருக்குக் கிடைத்த இந்தப் படிப்பினை பெரிது. குப்பத்துக்குக் கிடைத்தது என்ன என்பதுதான் சிக்கல். கர்நாடக இசை எல்லோருக்கும் உரியது என்ற வாதத்தை அதன் நுனிவரை கொண்டுபோனால், எல்லோருக்கும் அது தேவை என்ற இடத்தில் போய் நிற்கும். ஏன் தேவை? கானா பாடுகிறவனிடம் தியாகராஜரைக் கொடுத்துத்தான் அவனை மனிதனாக்க வேண்டுமா? இதைக் கிருஷ்ணாவே உணர்ந்திருந்தார் என்பது நியாயமாகச் சொல்ல வேண்டியது. கர்நாடக இசைதான் மாறியாக வேண்டும், குப்பம் அல்ல என்று அவர் தொடர்ந்து பேசினார். கர்நாடகத்தைச் சேர்ந்த ஜோகப்பா திருநங்கைகளோடு மேடையைப் பகிர்ந்துகொண்டார். 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கபேர் வாசுகி எழுதிய 'பொறம்போக்கு' பாடலை ராகமாலிகையாகப் பாடினார். அந்தச் சொல்லை அந்த இசைக்குள் ஏற்றியது சின்ன விஷயம் இல்லை.

என் மனக்குறை வேறு. ஊடகங்களின் கையில் விழா ஒரு பாடகரின் மனசாட்சிக் கதையாக மாறிவிட்டது. 2015இல் டிசம்பர் சீசனிலிருந்து விலகல், 2016இல் மகசேசே விருது, 2024இல் அகாடமியின் சங்கீத கலாநிதி அறிவிப்பு, அதை எதிர்த்துச் சக வித்வான்கள் செய்த புறக்கணிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் குப்பம் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஓர் அத்தியாயம். அங்கே ஆடின பறைக் குழுவின் வாழ்க்கை வரலாற்றில் அவர் எந்த அத்தியாயம் என்று கேட்டு ஒரு கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை. பனமலைச் சுவர் மாதிரிதான்.

*

நமக்குப் பக்கத்திலேயே, இதே விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஐரோப்பிய அறை இசையை நேரில் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது. 1968 பிப்ரவரியில் தொடங்கிய ஆரோவில். பியானோ, செல்லோ, சேர்ந்திசைக் குழு எல்லாம் உண்டு. குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை ஊர்க்காரர்கள் அந்த நகரத்தின் சமையலையும் கட்டடத்தையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். 2003இல் தொடங்கிய ஸ்வரம் என்ற கருவிப் பட்டறையில் சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்கள் உலோகக் குழலும் மரக்கருவியும் செய்யவும் சுருதி சேர்க்கவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கருவி செய்கிறவனுக்குப் பெயரும் சம்பளமும் பயிற்சியும் உண்டு என்ற அளவில் மிருதங்கத் தொழிலைவிட இது மேல் என்றே சொல்வேன்.

கச்சேரி அறைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை என்பார்கள். பூர்தியூ படித்தவர்களுக்குத் தெரியும், பூட்டுக் கதவில் மட்டும் இருப்பதில்லை. இருமாமல் உட்கார வேண்டும், எங்கே கை தட்டக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த மௌனம் இசையோடு பிறந்ததில்லை. பாரிஸ் அரங்குகளில் பிரபுக்கள் பேசிக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருந்த காலம் போய், நடுத்தர வர்க்கம் மௌனமாகக் கேட்கப் பழகியது எப்படி என்று ஜேம்ஸ் ஜான்சன் 1995இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கூத்துப் பார்க்கப் போகிறவன் பாயோடு போகிறான். தூங்குகிறான், கர்ணன் வரும்போது எழுப்பச் சொல்கிறான், டீ குடிக்கிறான், அழுகிறான். அவன் கேட்கத் தெரியாதவனா? இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறவனைவிட அவனுக்குப் பாட்டு அதிகம் தெரியும்.

அறை என்று பேசும்போது கோடம்பாக்கத்தை விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் நிறைய அறை இசை வாசித்தவர்கள் ரெக்கார்டிங் தியேட்டர் வயலின்காரர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர், இந்தப் பக்கம் இருபது முப்பது பேர், ஆடியன்ஸ் கிடையாது. கால்ஷீட் கணக்கில் கூலி. கேசட் அட்டையில் பெயர் வராது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தபோது வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்கு ஒரு முகம் கிடைத்தது; அவர் பின்னால் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்று நால்வர் குழு அமைத்துக் கீர்த்தனைகளை அறை இசையாக வாசித்தார். பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவர் பாஹையும் தியாகராஜரையும் ஒரே அறையில் உட்கார வைத்ததை நமது விமர்சகர்களில் ஒரு சாரார் 'மேல்நிலையாக்கம்' என்று ஒதுக்கினார்கள். அறைக்குள் நுழைந்த அடித்தள மனிதன் அறைக்கு விசுவாசமாகிவிட்டான் என்பது அவர்கள் வாசிப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வராந்தாவில் நின்றவன் உள்ளே போய் நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டான் என்றும் வாசிக்கலாம். கம்ப்யூட்டரும் கீபோர்டும் வந்த பிறகு அந்த நாற்காலிகளே குறைந்துவிட்டன, அது தனிக் கதை.

*

அறைதான் பிரச்சினை, திறந்தவெளிக்கு வந்துவிட்டால் ஜனநாயகம் என்று முடிவுகட்டிவிட நம்மில் பலருக்கு ஆசை. தெருக்கூத்தின் மண் இது. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் திரௌபதி வழிபாட்டின் மூல இடம் என்று சொல்வார்கள். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம்; கூத்தாடியே உச்சத்தில் பாட வேண்டும். சுவர் இல்லை, டிக்கெட் இல்லை. ஆனால் 2023இல் கோலியனூருக்குப் பக்கத்தில் மேல்பாதியில் என்ன நடந்தது? திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித்துகள் தாக்கப்பட்டார்கள்; ஜூனில் வருவாய்த்துறை கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தது; 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின் பேரில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். கூத்துக்கே தாய்வீடான கோயில் அது. பதினெட்டாம் போர் ஆடுகிற திடலுக்கு மதில் கிடையாது, ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிறது. 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் 12 தலித்துகளைக் கொன்றது ஒரு கடைத்தெரு, அறை அல்ல. திறந்த இடத்தை வெறுமனே திறந்த இடமாக நினைக்கிற சௌகரியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அதனால் அறையா தெருவா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் அதிகப் பிரயோசனம் இல்லை. நிகழ்த்துகிறவனுக்கு 'முடியாது' என்று சொல்ல முடிகிறதா என்று கேட்க வேண்டும். பறை விஷயத்தில் இது கூர்மையாகத் தெரியும். சாவுக்கு அடிப்பது, சாமிக்கு அடிப்பது, ஊர்ச் சாட்டுவது எல்லாம் சாதி கட்டளையிட்ட வேலை. அடிக்கமாட்டோம் என்று மறுத்து அடிபட்ட கிராமங்கள் வட தமிழகம் முழுக்க உண்டு. பறையை உடைத்துப் போட்டதும் விடுதலை அரசியல், பறையை விடுதலைக் கருவியாக ஏந்தியதும் விடுதலை அரசியல். கே.ஏ. குணசேகரன் தன்னானே கலைக்குழுவோடு இன்குலாப்பின் 'மனுசங்கடா'வை மேடை மேடையாகப் பாடினபோது, பாண்டிச்சேரியில் பல்கலைக்கழக நாடகத்துறையில் இருந்தபோது, இந்த இரண்டு நிலைக்கும் நடுவில்தான் நின்றார். 'பண்பாட்டு விழா' நடத்துகிறவர்கள் இந்த முரணைக் கண்டுகொள்ளாமல் பறையை ஒரு துள்ளலாக, தொடக்க நிகழ்ச்சியாக, விருந்தினரை வாசலிலிருந்து மேடைக்கு அழைத்து வருகிற சத்தமாகப் பயன்படுத்துகிறார்கள். வாசலில் நின்று அடித்து முடித்ததும் கர்நாடகமோ கருத்தரங்கமோ உள்ளே தொடங்கும். ஊரில் பண்ணின அதே வேலை; கூப்பிட்டவர் மட்டும் தோழர்.

மாற்று இல்லாமல் இல்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் 1990இல் கூத்துக் கலைஞர்களே சேர்ந்து அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்தியது. பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். 2017இல் கர்நாடகப் பாடகர்களோடு சேர்ந்து நிகழ்ச்சி செய்தபோது அவர்கள் ஒரு சங்கமாக, தங்கள் நிபந்தனையோடு வந்தார்கள். குப்பத்துக்குக் கச்சேரி போனதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதேபோல 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தின் நீலம் ஏற்பாட்டில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் பறையும் ராக் கிதாரும் சேர்ந்து ஒலித்தன. யாரும் அவர்களை உள்ளே அழைக்கவில்லை, மேடை அவர்களுடையது. 2020 டிசம்பரிலிருந்து நீலம் நடத்துகிற 'மார்கழியில் மக்களிசை' மாதத்தின் பெயரையே எடுத்துக்கொண்டது. சிலருக்கு இதில் சினிமா வெளிச்சமும் பெரிய ஸ்பீக்கரும் உறுத்துகிறது. எனக்கும் அந்த இரைச்சலில் நாட்டுப்புறக் குரலின் நுணுக்கங்கள் அமுங்கிப்போகிற வருத்தம் உண்டு. அறை இசையின் நெருக்கம், ஒருவரை ஒருவர் மூச்சோடு கேட்கிற அந்தக் கவனம், ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? பத்து இருபது பேர் உட்கார்ந்த ஒரு கூடத்தில், மைக் இல்லாமல், ஒப்பாரிக்காரப் பெண்மணி ஒருவர் பாட, ஒருவர் பம்பையை மெல்லத் தட்ட, கேட்டால் தெரியும் அது எப்படிப்பட்ட கலை என்று. பெரிய திடலில் கூட்டத்துக்காகக் கத்த வைத்தே நாம் அந்தக் குரல்களைக் கெடுத்தோம்.

விழுப்புரத்தில் அப்படி ஒன்று நடத்த நினைக்கிற நண்பர்களிடம் நான் கேட்பது நடைமுறை விஷயங்கள். அமைப்புக்குழுவில் கலைஞர்கள் எத்தனை பேர்? கருவி செய்கிறவர், தோல் கட்டுகிறவர் பெயர் நோட்டீசில் வருமா? உடை மாற்ற ஓர் அறையும் உட்கார நாற்காலியும் எல்லாக் கலைஞர்களுக்கும் ஒரே மாதிரி இருக்குமா? பறைக் குழுவுக்கு நேரம் எவ்வளவு, 15 நிமிஷமா, வயலின்காரருக்குக் கொடுத்த ஒன்றரை மணி நேரமா? கடைசியாகத் தொகை. பறையாட்டக் குழுக்கள் பல இப்போது இன்ன நிகழ்ச்சிக்கு இவ்வளவு, சாவுக்கு வரமாட்டோம் என்று கறாராகச் சொல்கின்றன. 'நம்ம பசங்களே ரேட் பேசறானுங்க, கமர்ஷியல் ஆயிட்டானுங்க' என்று முற்போக்கு அமைப்பாளர்கள் அலுத்துக்கொள்வதை டீக்கடையில் கேட்டிருக்கிறேன். அதே அமைப்பாளர்கள் சென்னையிலிருந்து வருகிற வித்வானுக்குக் காரும் ஓட்டல் ரூமும் போட்டுவிட்டு, அவருடைய சன்மானத்தைக் கவரில் வைத்து, எவ்வளவு என்று யாருக்கும் சொல்லாமல் கொடுப்பார்கள்.